சின்ன விமானத்தின் திரை: திருகு தப்பினால் ஒரு கோபுர உயரம் தப்பும்!

காரைக்குடியிலிருந்து பஸ் ஏறினால் கோட்டையூர், அடுத்து கண்டனூர், அதை ஒட்டியே புதுவயல். கண்டனூர்க்காரர்களுக்குக் கோட்டையூர் என்பது கூப்பிடு தூரத்து ஊர். அந்தப் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர், 90 ஆண்டுகளுக்கு முன்பே விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டு வந்தார் என்பது இன்று போனில் ரீல்ஸ் பார்க்கும் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அவர் வள்ளல் அழகப்பச் செட்டியார். 1909-ல் கோட்டையூரில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் எம்.ஏ. முடித்து, சட்டம் படிக்க லண்டன் போனார். போன இடத்தில், குரோய்டன் விமான நிலையத்தில் பைலட் பயிற்சியும் எடுத்தார். பின்னாளில் ஜூபிடர் ஏர்வேஸ் என்று சொந்தமாக விமான நிறுவனமே நடத்தினார். காரைக்குடியில் கல்லூரி கட்டியதைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். காக்பிட்டில் உட்கார்ந்ததைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை.

அந்தக் காலத்துப் பயிற்சி விமானத்தின் காக்பிட்டை நினைத்துப் பாருங்கள். மேலே கூரை இல்லை. முகத்தில் காற்று அறையும். முன்னால் ஒரு பலகை. அதில் கடிகாரம் மாதிரி வட்ட வட்டமாக நாலைந்து கருவிகள். ஒரு முள் வேகத்தைச் சொல்லும், ஒரு முள் உயரத்தைச் சொல்லும், இன்னொன்று இன்ஜின் சுற்றும் வேகத்தை. ஒரு திசைகாட்டி. அவ்வளவுதான். மீதியை வெளியே எட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்று பயிற்சிக்குப் போகிற பிள்ளை உட்காரும் காக்பிட்டில் அந்த வட்டங்கள் பெரும்பாலும் இல்லை. அந்த இடத்தில் இரண்டு பெரிய திரைகள். லேப்டாப் ஸ்க்ரீனைக் கழற்றிப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவைத்தது போல இருக்கும். 'கிளாஸ் காக்பிட்' என்பார்கள்.

வீட்டில் ஒரு பிள்ளை "பைலட் ஆகப் போறேன்" என்று சொன்னால் பெற்றோருக்கு முதலில் வரும் பயம் செலவு. அடுத்த பயம் பாதுகாப்பு. "இப்ப எல்லாம் கம்ப்யூட்டர்தான், பயமில்லை" என்று யாராவது ஒரு சித்தப்பா சமாதானம் சொல்வார். அந்தச் சமாதானம் பாதி உண்மை. மீதிப் பாதி, அந்தத் திரையைச் சரியாகத் திருகத் தெரிந்த கையில் இருக்கிறது.

திரையில் என்னதான் தெரியும்?

சிறு விமானங்களில் அதிகம் புழங்கும் திரைகளில் ஒன்று, கார்மின் நிறுவனத்தின் 'ஜி1000'. 2004-ல் விமானங்களில் வரத் தொடங்கியது. உலகம் முழுக்கப் பயிற்சிப் பள்ளிகளில் ஓடும் செஸ்னா 172, டைமண்ட் டிஏ40 போன்ற விமானங்களில் இதைப் பார்க்கலாம். மற்ற நிறுவனங்களின் திரைகளும் உண்டு. பட்டன்களின் இடம் மாறும், சங்கதி ஒன்றுதான்.

இடது பக்கத் திரைதான் முதன்மைத் திரை. மேல் பாதி நீலம், கீழ்ப் பாதி பழுப்பு. நீலம் வானம், பழுப்பு மண். விமானம் சாய்ந்தால் அந்தக் கோடும் சாயும். இடப்பக்கம் ஒரு நாடா மேலும் கீழும் ஓடிக்கொண்டே இருக்கும், அது வேகம். அதன் ஓரத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறப் பட்டைகள். பச்சையில் இருந்தால் நிம்மதி, சிவப்புக் கோட்டைத் தொடவே கூடாது. வலப்பக்கம் இன்னொரு நாடா, அது உயரம். கீழே ஒரு வட்டம், அது திசை. வலது பக்கத் திரையில் வரைபடமும், இன்ஜின் விவரமும், எரிபொருள் அளவும்.

இரண்டு திரைகளின் ஓரங்களிலும் திருகுகள், கீழே வரிசையாக 12 பட்டன்கள். இந்தப் பட்டன்களுக்கு நிரந்தரப் பெயர் கிடையாது. மேலே திரையில் என்ன எழுத்து வருகிறதோ அதுதான் அந்த நிமிடத்துக்கு அந்த பட்டனின் வேலை. ஏ.டி.எம்-மில் திரை ஓரத்து பட்டனை அழுத்திய அனுபவம் உள்ளவர்களுக்கு இது உடனே புரியும்.

ஆன் செய்ததும் பறந்துவிட முடியாது. திரை விழித்ததும் பல இடங்களில் பெரிய சிவப்புப் பெருக்கல் குறிகள் தெரியும். புதிதாகப் பார்ப்பவர் வண்டி ரிப்பேர் என்று பதறிவிடுவார். உண்மையில், விமானம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கும் சென்சார்கள் தங்களைச் சரிசெய்துகொள்கின்றன. சுமார் ஒரு நிமிடத்தில் ஒவ்வொரு குறியாக மறையும். ஒன்றாவது மறையாமல் நின்றால், அப்போதுதான் கவலைப்பட வேண்டும்.

வலது திரை தன் பங்குக்கு, தன்னிடம் உள்ள வரைபடத் தகவல்களின் தேதியைக் காட்டி "பார்த்துவிட்டாயா?" என்று கேட்கும். விமான வழித்தடத் தகவல்கள் உலகம் முழுக்க 28 நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகின்றன. போன் ஆப் அப்டேட்டை நாம் தள்ளிப் போடுவது போல இதைத் தள்ளிப் போட முடியாது. தேதியைப் படிக்காமலே பட்டனைத் தட்டிவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள் என்பது வேறு கதை.

வெயிலில் தெரியாத திரை

கண்டனூர் வீதியில் சித்திரை மாத மதியத்தில் போனை எடுத்துப் பார்த்தால் என்ன தெரியும்? நம் முகம்தான் தெரியும். ஆச்சிமார் முந்தானையால் மறைத்துக்கொண்டு நம்பரைத் தேடுவார்கள். இதே தொல்லை காக்பிட்டிலும் உண்டு. சின்ன விமானத்தில் சுற்றிலும் கண்ணாடி. சூரியன் நேராகத் திரையில் விழும்.

அதனால் இந்தத் திரைகளில் வெளிச்சத்தை அளக்கும் சிறு கண் ஒன்று உண்டு. வெளியே வெளிச்சம் கூடினால் திரையும் தானாகப் பிரகாசமாகும், இருட்டினால் மங்கும். அது போதவில்லை என்றால் மெனு பட்டனை அழுத்தி, திரை அமைப்புக்குள் போய், 'ஆட்டோ' என்பதை 'மேனுவல்' ஆக்கி, திருகைச் சுழற்றிச் சதவிகிதக் கணக்கில் வைத்துக்கொள்ளலாம்.

இங்கேதான் ஒரு சிக்கல். மதியம் பறந்தவர் மேனுவலில் முழுப் பிரகாசம் வைத்துவிட்டு இறங்கிப் போய்விடுகிறார். அடுத்தவர் மாலை மங்கும் நேரத்தில் ஏறுகிறார். இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக அரை மணி நேரம்வரை ஆகும். பளீரென்று எரியும் திரையை ஒரு முறை உற்றுப் பார்த்தால் அந்தப் பழக்கம் கெட்டுவிடும். பிறகு வெளியே ஓடுதளத்தின் விளக்கும், எதிரே வரும் விமானமும் மங்கலாகத்தான் தெரியும். ராத்திரி ரோட்டில் எதிர் லாரியின் ஹைபீம் கண்ணில் அடித்த பிறகு சில நொடிகள் எதுவும் தெரியாமல் போகுமே, அப்படி. இங்கே அந்த லாரியைப் பைலட்டே மடியில் வைத்திருக்கிறார்.

இன்னொன்று, கூலிங் கிளாஸ். 'போலரைஸ்டு' வகைக் கண்ணாடி போட்டு இந்தத் திரையைப் பார்த்தால், சில கோணங்களில் திரை கறுப்பாகிவிடும். திரை கெட்டுவிட்டது என்று நினைத்துப் பைலட் தவிக்கலாம். அந்த வகைக் கண்ணாடி வேண்டாம் என்று பைலட்டுகளுக்குச் சொல்வது இதனால்தான். வீட்டில் அப்படி ஒரு கண்ணாடி இருந்தால் போட்டுக்கொண்டு போனை மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். பல போன்களில் ஒரு கோணத்தில் படம் மங்குவது தெரியும்.

விமானத் திரையோடு கூடவே வரைபடத்துக்கு ஐபேட் வைத்துக்கொள்வதும் இப்போது சகஜம். ஐபேடை 35 டிகிரிக்குள் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். கோடையில் சிவகங்கை மாவட்டத்தில் நிழலிலேயே 35 டிகிரி எளிதில் தாண்டும். கண்ணாடிக்குள் வெயில் படும் இடத்தில் வைத்தால் சூடேறி, பாதி வழியில் தானாக அணைந்துபோகும். நம்பி இருந்த வரைபடம் அதோடு போச்சு.

உயிர் விஷயம், ஒரு சின்னத் திருகு

பிரகாசம் தப்பினால் பைலட்டுக்கே தெரிந்துவிடும். தப்பினாலும் தெரியாத ஒன்று இருக்கிறது. அதுதான் உயரம்.

விமானத்தின் உயரக் கருவி தரையை அளப்பதில்லை. காற்றின் அழுத்தத்தை அளக்கிறது. மேலே போகப் போக அழுத்தம் குறையும். அந்தக் குறைவை அடிக்கணக்காக மாற்றிக் காட்டுகிறது. ஆனால், தரையிலேயே அழுத்தம் தினமும் மாறுகிறதே? அதனால் "இன்றைக்கு இங்கே அழுத்தம் இவ்வளவு" என்று பைலட் அதற்குச் சொல்ல வேண்டும். விமான நிலையக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து ரேடியோவில் அந்த எண் வரும். "க்யூ.என்.ஹெச் 1009" என்பார்கள். பைலட் அதே எண்ணைத் திருப்பிச் சொல்ல வேண்டும், இது கட்டாயம். பிறகு திருகைச் சுழற்றி அந்த எண்ணைத் திரையில் வைக்க வேண்டும்.

வைக்கவில்லை என்றால்? ஒரு ஹெக்டோபாஸ்கல் பிசகினால் உயரத்தில் 27 முதல் 30 அடிவரை பிசகும். 10 பிசகினால் சுமார் 280 அடி. ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தின் உயரம் 236 அடி. ஒரு முழு ராஜகோபுரம் காணாமல் போய், மேலே கொஞ்சம் மிச்சமும் இருக்கும்!

இறங்குவதற்கு முன் சின்ன விமானங்கள் ஓடுதளத்தைச் சுற்றி வருவது வழக்கமாகத் தரையிலிருந்து 1,000 அடி உயரத்தில். வங்கக்கடலில் தாழ்வு மண்டலம் உருவாகி அழுத்தம் இறங்கிக்கொண்டிருக்கும் நாளில், வேறு ஊரிலிருந்து கிளம்பி வந்தவர் அந்த ஊர் எண்ணையே வைத்திருந்தால், திரை 1,000 அடி என்று காட்டும்போது அவர் உண்மையில் 720 அடியில் பறந்துகொண்டிருக்கலாம். திரையில் சிவப்புக் குறி எதுவும் வராது. எழுத்து தெளிவாக இருக்கும், நிறம் அழகாக இருக்கும். தவறான எண்ணை அவ்வளவு அழகாகக் காட்டும்.

புயல் எல்லாம் எதற்கு? நம் பக்கத்து நாடுகளில் சாதாரண நாளிலேயே அழுத்தம் காலை 10 மணிவாக்கில் ஏறி, மாலை 4 மணிவாக்கில் இறங்கும். வித்தியாசம் மூன்று, நான்கு ஹெக்டோபாஸ்கல் இருக்கும். காலையில் வைத்த எண்ணை மாலைவரை மாற்றாவிட்டால் அதுவே 100 அடி.

இதற்கு ஒரு எளிய சோதனை உண்டு. கண்டனூருக்குப் பக்கத்தில் இருக்கும் விமான நிலையங்கள் திருச்சியும் மதுரையும். திருச்சி விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து 288 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே நிற்கும் விமானத்தில் சரியான எண்ணை வைத்ததும் திரை கிட்டத்தட்ட 288 காட்ட வேண்டும். 560 காட்டினால் ஏதோ தப்பு. கிளம்பும் முன் இதைப் பார்க்க ஐந்து நொடி ஆகும்.

கையாள்வதிலும் ஒரு பொறி இருக்கிறது. ஜி1000-ல் இந்த அழுத்தத் திருகு இரட்டைத் திருகு. பெரிய வளையத்துக்குள் சின்ன வளையம். வெளி வளையம் அழுத்தத்துக்கு, உள் வளையம் போக வேண்டிய பாதையின் கோணத்துக்கு. விமானம் குலுங்கும்போது விரல் நழுவினால் அழுத்தத்துக்குப் பதிலாகப் பாதை மாறிவிடும். திருகியதும் கையை எடுத்துவிட்டுத் திரையில் எது மாறியது என்று பார்த்து, வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று பயிற்றுநர்கள் நச்சரிப்பது இதனால்தான். கீழே தனியாக இருக்கும் மாற்று உயரக் கருவியிலும் அதே எண்ணை வைக்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால் சரி.

செட்டிநாட்டின் துக்கம்

தரைக்குப் பக்கத்தில் சில அடிகள் எவ்வளவு முக்கியம் என்பதற்குச் செட்டிநாட்டில் ஒரு பழைய துக்கம் இருக்கிறது. 1937 பிப்ரவரி 10-ம் தேதி காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று ஊர்களில் ஒரே நாளில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் திறந்தவர் எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார். 1954 மார்ச் 13 அன்று, அவர் சென்ற பி.ஓ.ஏ.சி. விமானம் சிங்கப்பூர் கல்லாங் விமான நிலையத்தில் இறங்கும்போது, ஓடுதளம் தொடங்கும் முன்பே தாழ்ந்து கடற்சுவரில் மோதியது. 33 பேர் இறந்தார்கள். சிதம்பரம் செட்டியாருக்கு அப்போது வயது 45.

அது நான்கு இன்ஜின் பெரிய விமானம். திரைகள் வராத காலம். அழுத்தத் திருகோடு அந்த விபத்துக்குத் தொடர்பில்லை, பைலட்டின் களைப்புதான் பேசப்பட்டது. ஆனாலும், இறங்கும் நேரத்தில் தாழ்ந்துவிட்டோம் என்பது தெரியாமல் போவதன் விலையை இந்த மண் அறியும்.

திரை வந்ததும் விபத்து குறைந்ததா?

குறைந்திருக்கும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் இதை ஆராய்ந்து 2010 மார்ச்சில் அறிக்கை கொடுத்தது. 2002 முதல் 2006 வரை தயாரான 8,000-க்கும் மேற்பட்ட சிறு விமானங்கள். ஒரு பக்கம் முள் கருவி உள்ளவை, மறுபக்கம் திரை உள்ளவை. திரை உள்ள விமானங்களில் மொத்த விபத்து விகிதம் குறைவு. ஆனால், உயிர்ப்பலி ஏற்பட்ட விபத்துகளின் விகிதம் அதிகம்!

நியாயமாகச் சொல்ல வேண்டும் என்றால், திரை உள்ள விமானங்கள் நீண்ட தூரத்துக்கும், மேகமூட்டத்திலும் அதிகம் பறந்தன என்பதையும் அந்த அறிக்கை கவனித்தது. ஆனாலும் திரை வந்ததால் மட்டும் பாதுகாப்பு கூடியதாகக் காண முடியவில்லை என்று சொல்லி, எந்தத் திரையோ அந்தத் திரைக்கான தனிப் பயிற்சி வேண்டும் என்று கேட்டது. முள் கருவி எந்த விமானத்திலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. திரை அப்படி இல்லை. ஒரு மாடலில் பழகிய கை இன்னொன்றில் தடுமாறும். புது போன் வாங்கிய முதல் வாரம் அலாரத்தை நிறுத்தத் தெரியாமல் முழிப்போமே!

திரை செய்யும் இன்னொரு வேலை, கண்ணைப் பிடித்து வைத்துக்கொள்வது. புது மாணவர்கள் திரையையே பார்ப்பார்கள். தெளிவான வானிலையில் பறக்கும்போது பார்வை பெரும்பாலும் வெளியேதான் இருக்க வேண்டும். எதிரே வரும் கழுகு எந்தத் திரையிலும் வராது. சில பயிற்றுநர்கள் திரையின் வெளிச்சத்தை அப்படியே இறக்கிவிட்டு, "இப்ப ஓட்டு" என்பார்கள். முதல் முறை மாணவருக்கு வியர்த்துவிடும்; நல்ல பயிற்சி.

உண்மையிலேயே ஒரு திரை அணைந்தால், அதற்கும் வழி உண்டு. இரண்டு திரைக்கும் நடுவே கீழே ஒரு சிவப்பு பட்டன். அழுத்தினால், உயிரோடு இருக்கும் திரையில் உயரம், வேகம், சாய்வு, இன்ஜின் விவரம் எல்லாம் ஒன்றாக வந்துவிடும். இரண்டுமே போனால்? கீழே மாற்றுக் கருவிகள் இருக்கின்றன. பல விமானங்களில் அவை சின்னச் சின்ன வட்டங்கள், உள்ளே முள். அழகப்பர் காலத்து முள்ளேதான்.

நம் ஊர்த் திரை

காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம் வர 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தவர் அழகப்பர். அந்த ஆய்வு நிலையம் சி.எஸ்.ஐ.ஆர். குடும்பத்தைச் சேர்ந்தது. அதே குடும்பத்தில் பெங்களூரில் இருக்கும் தேசிய விண்வெளி ஆய்வகம், பயிற்சிக்காகவே 'ஹன்சா - என்.ஜி.' என்ற இரண்டு சீட் விமானத்தை உருவாக்கியிருக்கிறது. அதிலும் கிளாஸ் காக்பிட்தான். 2021 செப்டம்பர் 3-ல் முதலில் பறந்தது. 2022 பிப்ரவரி 19-ல் பெங்களூரிலிருந்து புதுச்சேரிக்கு ஒன்றரை மணி நேரத்தில் பறந்து வந்து, மார்ச் 5 வரை கடல் மட்டச் சோதனைகளை முடித்தது. மேட்டு நிலமான பெங்களூரில் நன்றாக ஓடும் இன்ஜினும் கருவியும், கடலோரத்தின் அடர்ந்த காற்றில் எப்படி நடந்துகொள்கின்றன என்று பார்க்கத்தான் இந்தப் பயணம்.

இந்தியாவில் வணிக பைலட் உரிமத்துக்கு 18 வயதும் 200 மணி நேரப் பறத்தலும் வேண்டும். ஒவ்வொரு மணி நேரமும் காசு. ஓடும் இன்ஜினோடு உட்கார்ந்து எந்த பட்டன் எங்கே என்று தேடினால் அதுவும் கணக்கில் ஏறும். அதனால் விவரமான மாணவர்கள் தரையிலேயே முடித்துக்கொள்கிறார்கள். மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் போன்ற கம்ப்யூட்டர் விளையாட்டுகளிலேயே இந்தத் திரை உள்ள செஸ்னா 172 கிடைக்கிறது. முழுப் பயிற்சி ஆகாது, ஆனால் திருகின் இடம் மனதில் பதியும்.

கம்ப்யூட்டர் இல்லையென்றாலும் பரவாயில்லை. காக்பிட் படத்தைப் பெரிதாக அச்செடுத்து, ஹாஸ்டல் சுவரில் ஒட்டி, எதிரே நாற்காலி போட்டு உட்கார்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு அழுத்தத் திருகு எங்கே, மெனு எங்கே, சிவப்பு பட்டன் எங்கே என்று கையை நீட்டித் தொடுகிறார்கள். கண்ணைத் திறந்து, விரல் எங்கே நிற்கிறது என்று பார்க்கிறார்கள். தப்பாக இருந்தால் மறுபடி முதலிலிருந்து.